காத்திருப்பின் கூலி

பழனி மலைத்தொடரின்மேல் அமைந்த கோடைக்கானலுக்கு இக்காலத்தில் வருவோர், வத்தலக்குண்டு வழியாகவேனும் பழனி வழியாகவேனும் மோட்டார் வண்டியில் ஏறியமர்ந்து, சில மணி நேரத்தில் ஏரிக்கரையை அடைகின்றனர். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் இவ்வாறு வருதல் இயலாது. 1875-இல் ஏற்பட்ட அம்மையநாயக்கனூர்ப் புகைவண்டி நிலையத்தில் இறங்கி (அந்நிலையமே இன்று கோடைக்கானல் ரோடு எனப்படுவது), மாட்டு வண்டியில் நெடுவழி சென்று, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைதல் வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய 12 மைல் நீளமுள்ள மலைப்பாதையில், ஏறத்தாழ 6,000 அடி உயரம் ஏறுதல் வேண்டும். நடக்க வல்லார் நடந்தனர். குதிரை உடையார் குதிரைமேற் சென்றனர். ஏனையோர் நாற்காலியிலும் டோலியிலும் அமர, அவற்றைக் கூலியாட்கள் தோளில் தாங்கி மாறி மாறிச் சுமந்தனர். அப்பாதைக்குக் ‘கூலி காட்’ என்றே வெள்ளையர் பெயரிட்டு வழங்கினர். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் மலைமேல் முதல் வீடுகளைக் கட்டிய நாள் முதல், லாஸ் காட் சாலை 1914-ஆம் ஆண்டை ஒட்டி முற்றுப்பெறும் வரை, இவ்வூரின் வாழ்வு பெரும்பாலும் அத்தோள்களின்மேலேயே ஏறி வந்தது எனலாம்.

இச்சுமையாட்கள் மாதச் சம்பளம் பெற்றவரல்லர். ஏற்றம் ஒன்றுக்கு இவ்வளவு என்பதே அவர்தம் ஊதியம். பயணி வந்தாற் கூலி உண்டு. வாராத நாளில் இல்லை. அவர்கள் தோப்பின் நிழலில் அமர்ந்து வண்டியை எதிர்நோக்கியிருந்த நேரத்திற்கு எவர் கணக்கிலும் இடமில்லை. பழைய மலைப்பயணக் குறிப்புகளைப் படிப்போர், பயணி பட்ட வருத்தத்தையும் பாதையின் வனப்பையும் பற்றி நிரம்பக் காண்பர். காத்திருந்தவனைப் பற்றிக் காண்பது அரிது. மோட்டார்ச் சாலை வந்தபின் அப்பாதையில் ஆள்நடமாட்டம் குறைந்தது. அதன் வழியிலுள்ள வெள்ளகவி போன்ற சிற்றூர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டிச் சுமந்து சென்ற செய்தி மட்டும் அண்மைக் காலம் வரை நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தது. ஆயினும், செய்த வேலைக்குக் கூலி, காத்திருந்த நேரத்திற்கு ஒன்றுமில்லை என்னும் அம்முறை அழிந்துபோகவில்லை. அஃது இன்று கைப்பேசிக்குள் புகுந்து நாடெங்கும் பரந்து, நம் மாணவர் சிலருடைய மாலைப்பொழுதையும் விடுமுறையையும் தன்பாற் கொண்டுள்ளது. அதனைச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

‘கிக்’ என்னும் சொல், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க இசைவாணரிடையே வழங்கிய ஒரு கொச்சை மொழி. ஓரிரவு மட்டும் வாசித்துக் கூலி பெறும் கச்சேரியை அது குறித்தது. இன்று, நிலையான முதலாளி-தொழிலாளி உறவுக்குப் புறம்பே நின்று ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே ஊதியம் பெறுவோர் அனைவரையும் குறிக்க அச்சொல் விரிந்துள்ளது. வேலை வேண்டுவோரையும் வேலை செய்வோரையும் செயலியின் வாயிலாக இணைத்து, இடையில் ஒரு பகுதியைத் தரகாகக் கொள்ளும் நிறுவனத்தைத் ‘தளம்’ என்பர். உணவு கொணரும் சுவிக்கி, சொமேட்டோ, வாடகை வண்டி அமர்த்தித் தரும் ஊபர், ஓலா, ரேபிடோ, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அர்பன் கம்பெனி முதலியன இவ்வகையின. இந்திய அரசின் நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-இல் இத்தகைய தொழிலாளர் 77 லட்சம் பேர் எனவும், 2029-30-இல் அவர்தொகை 2.35 கோடியாகும் எனவும் மதிப்பிட்டது. பெரிய துறைகள் பலவற்றின் தொழிலாளர் தொகைக்கு இஃது இளைத்ததன்று.

இந்நிறுவனங்கள் தம் பணியாளரைத் தொழிலாளர் என அழைப்பதில்லை. ‘பார்ட்னர்’ என்றே அழைக்கின்றன. இதற்குத் தமிழ் பங்காளி என்பதாம். நம் ஊர்களில் பங்காளி என்பான் பாட்டன் நிலத்தில் உரிமை உடையவன். வரப்புக்கும் வாய்க்காலுக்கும் வழக்காடவும் வல்லவன். செயலியின் பங்காளிக்கோ பெட்ரோற் செலவிலும் வண்டித் தேய்மானத்திலும் மழையிலும் பங்குண்டு. விலை நிர்ணயத்திற் பங்கில்லை. இப்பெயரீடு வெறும் நயவுரையன்று. தொழிலாளி என ஒப்புக்கொண்டாற் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், விபத்து இழப்பீடு ஆகிய சட்டங்கள் பின்தொடர்ந்து வரும். பங்காளி எனின் அவை வாரா.

நமக்குப் பழக்கமான வேறொரு சொல் இம்முறையை விளக்க இன்னும் நன்கு உதவும். அது கங்காணி என்பது. கண்காணி என்பதன் மரூஉ அது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நம் நாட்டிலிருந்து ஆள் திரட்டிச் சென்றவனும், அங்கே அவர்களை மேற்பார்த்தவனும், ஆளொன்றுக்கு இத்தனை காசு எனத் தோட்டத்திலிருந்து பெற்றவனும் கங்காணியே. இவன் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கழுத்திற் கடனாய்த் தொங்கியது. அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டு பெறாமல் ஒருவன் ஒரு தோட்டத்தைவிட்டு வேறு தோட்டம் புகுதல் அரிது. இலங்கை அரசு 1921-இற் சட்டமியற்றி அம்முறையை ஒழித்தது. செயலியும் ஆள் திரட்டுகின்றது, வேலை பகிர்கின்றது, மேற்பார்க்கின்றது, தரகு கொள்கின்றது. ஆதலின் அதனைக் கண்ணில்லாக் கங்காணி என்னலாம். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பழைய துண்டு, தொழிலாளியின் கடனைச் சென்றவிடமெல்லாம் சுமந்து சென்றது. இன்று வாடிக்கையாளர் இடும் நட்சத்திர மதிப்போ, அவன் ஈட்டிய நற்பெயரை ஓரிடத்திலேயே நிறுத்திக் கொள்கின்றது. மூன்றாண்டு உழைத்து நல்ல மதிப்புப் பெற்றவன் மற்றொரு தளத்திற் சேர்வானாயின், அங்கே முதல்நாட் புதியவனாகவே நிற்றல் வேண்டும். கங்காணியோடு வாய்ச்சண்டையேனும் இடலாம். செயலியோடு அதுவும் இயலாது.

நிற்க. காத்திருப்பு என்பது செயலித் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. கோடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரை வைத்துப் பிழைப்போரைப் பார்த்தவர் இதனை அறிவர். ஏப்ரல், மே மாதங்களில் அவர்க்கு ஓய்வில்லை. மழைக்காலத்துப் பனிமூட்டத்தில் குதிரையும் ஆளும் ஒருங்கே நடுங்கிக்கொண்டு நிற்பர். நம் ஊர்களின் வாடகை வண்டி நிலையங்களிலும் ஓட்டுநர் மணிக்கணக்காகக் காத்திருத்தல் இயல்பே. ஆனால் அங்கே ‘முறை’ என்பதொன்று உண்டு. முன் வந்தவன் முன் செல்வான். பின் வந்தவன் பின் செல்வான். நிலையத்தில் இடம் இவ்வளவே என்பதைக் கண்ணாற் கண்டு, புதியவனைச் சேர்ப்பதா வேண்டாவா என்பதை அங்குள்ளோரே கூடிப் பேசி முடிவு செய்வர். அம்முடிவு எப்போதும் நியாயமானதென்று சொல்வதற்கில்லை. புதியவனுக்கு அது கொடிதாகவும் அமையும். ஆயினும் காத்திருப்பின் அளவு, காத்திருப்போர் கையில் ஓரளவேனும் இருக்கின்றது.

தளத்தில் நிலைமை வேறு. ஒரு நகரில் ஆயிரம் பேர் வேண்டிய இடத்தில் ஆயிரத்தைந்நூறு பேர் செயலியில் நுழைந்து காத்திருப்பாராயின், நிறுவனத்திற்கு யாதொரு செலவும் இல்லை. வாடிக்கையாளருக்கு விரைவிற் பொருள் கிடைக்கும் என்னும் நன்மையே உண்டு. விலையில்லாப் பொருளை எவரும் அளந்து செலவிடுவதில்லையன்றோ? காத்திருப்புக்கு விலையில்லாமையால் அது மேன்மேலும் பெருகுகின்றது. இவ்வாராய்ச்சி முழுவதற்கும் இதுவே அச்சாணி எனக் கருதுகின்றோம். இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்தின் பொருட்டு யாம் கொண்டவையேயன்றி எந்நிறுவனத்தின் கணக்கும் அல்ல.

ஓர் இளைஞன் காலை 11 மணிக்குச் செயலியில் நுழைந்து இரவு 11 மணிக்கு வெளியேறுகின்றான் எனக் கொள்வோம். 12 மணி நேரத்தில் அவன் 18 ஆர்டர்களைக் கொண்டு சேர்க்கின்றான். ஒன்றுக்கு 25 நிமிடம் ஆகின்றது. ஆகவே ஓடிய நேரம் 7½ மணி. காத்திருந்த நேரம் 4½ மணி. ஆர்டர் ஒன்றுக்கு 40 ரூபாயாக அவன் பெறுவது 720 ரூபாய். ஓடிய நேரத்தால் இதனை வகுத்தால் மணிக்கு 96 ரூபாய் வரும். விளம்பரத்துக்கு இந்த எண் மிக அழகியது. இனி, ஆர்டர் ஒன்றுக்குப் பெட்ரோலும் வண்டிச் செலவும் 15 ரூபாய் எனக் கொண்டு 270 ரூபாயைக் கழித்தால் எஞ்சுவது 450. அதனை அவன் வீட்டைவிட்டு வெளியே நின்ற 12 மணியால் வகுத்தால், மணிக்கு 37 ரூபாய் 50 காசு.

மறு மாதம் அந்நகரில் மேலும் பலர் சேர்க்கப்படுகின்றனர். ஆர்டருக்குரிய 40 ரூபாயில் ஒரு காசும் குறைக்கப்படவில்லை. ஆயினும் அவனுக்குக் கிடைப்பது 18-இலிருந்து 15 ஆகின்றது. பெறுவது 600, செலவு 225, எஞ்சுவது 375, மணிக்கு 31 ரூபாய் 25 காசு. இப்போது ஓடிய நேரம் 6¼ மணி. 600-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். மீண்டும் அதே 96 ரூபாய்! ஆறில் ஒரு பங்கு வருவாய் குறைந்துவிட்டது. ஆனால் வேலை நேரத்தை மட்டும் எண்ணும் கணக்கில் அக்குறைவு தோன்றவே தோன்றாது. ஊதியத்தைக் குறைத்தார்களா என வினவினால், இல்லை என்று நிறுவனம் மெய்யாகவே விடையிறுக்கலாம். பொருளியல் மாணவர் இவ்விடத்தில் நின்று சிறிது சிந்தித்தல் நன்று. எதனை எதனால் வகுக்கின்றோம் என்பதில் ஒருவனுடைய இராச்சாப்பாடு அடங்கியிருக்கின்றது.

வண்டியோட்டும் தொழிலில் மட்டுமன்றி, இருந்த இடத்திலிருந்தே கணினி வாயிலாகச் செய்யும் சிறுபணிகளிலும் இந்நிலை உண்டு. படத்தில் இருப்பது இன்னதெனக் குறித்தல், ஒலியை எழுத்தாக்கல், கடைப் பொருள்களை வகைப்படுத்தல் முதலிய இப்பணிகள், செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவதற்கு இன்றியமையாதவை. இத்தகைய வேலைக்கென அமேசான் நிறுவனம் 2005-இல் ஒரு தளத்தைத் தொடங்கி அதற்கு ‘மெக்கானிக்கல் டர்க்’ எனப் பெயரிட்டது. 1770-இல் வியன்னா அரசவையில் கெம்பெலன் என்பார் காட்டிய சதுரங்கப் பொறியின் பெயர் அது. தானே ஆடும் பொறி என உலகம் வியந்தது. உள்ளே ஆள் ஒளிந்திருந்து ஆடினான். தங்கள் ஏற்பாட்டுக்கு இப்பெயரைத் தாங்களே சூட்டிக்கொண்ட அவர்தம் வெளிப்படையை மெச்சத்தான் வேண்டும். இத்தளத்தில் மிகுதியாக வேலை செய்வோர் அமெரிக்கரும் இந்தியருமே. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 75 நாடுகளைச் சேர்ந்த 3,500 பேரை வினவி ஆராய்ந்து, 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இவர்கள் கூலி பெறும் ஒவ்வொரு மணிக்கும் சராசரியாக 20 நிமிடம், வேலை தேடுதல் முதலிய கூலியில்லா வினைகளிற் செலவாயிற்று. மேல்நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் 2018-இல் அத்தளத்தின் 38 லட்சம் பணிகளின் கணக்கை ஆராய்ந்து, நடுநிலைத் தொழிலாளி மணிக்குப் பெற்றது ஏறக்குறைய 2 டாலரே எனக் கண்டனர். தேடித் திரிந்த நேரத்தையும் வகுத்தியிற் சேர்த்தமையால் வந்த விடை அது.

காத்திருப்புக்குக் கூலி கேட்டல் கேளாத புதுமை என்று சிலர் எண்ணக்கூடும். அங்ஙனமன்று. கப்பல் வரும் நாளில் வேலையும், வாராத நாளில் பட்டினியுமாய் இருந்த துறைமுகத் தொழிலாளரின் வரலாறு இதற்குச் சான்று. லண்டன் துறைமுகத்தில் 1889-இல் நிகழ்ந்த பெரு வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் இரண்டு: மணிக்கு ஆறு பென்னி என்பது ஒன்று, ஒருவனை வேலைக்கு அழைத்தாற் குறைந்தது நான்கு மணி நேரமேனும் அமர்த்துதல் வேண்டும் என்பது மற்றொன்று. முதற் கோரிக்கையை யாவரும் நினைவில் வைத்துள்ளனர். இரண்டாவதே நம் பொருளுக்கு உரியது. நம் நாட்டில் 1948-இல் இயற்றப்பட்ட துறைமுகத் தொழிலாளர் சட்டம் இன்னும் ஒரு படி மேற்சென்றது. அச்சட்டத்தின் வழியாகத் துறைமுகங்களிற் பதிவு பெற்ற தொழிலாளர் தொகுதி ஒன்று அமைக்கப்பட்டது. வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றும் வேலை கிடையாத பதிவுத் தொழிலாளிக்கு ‘வந்து நின்றமைக்கு’ ஒரு தொகையும், மாதத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு உறுதிக் கூலியும் தரும் திட்டங்கள் தோன்றின. அதன் பயனாகத் தேவைக்கு மிகுதியான ஆட்களைத் துறைமுக வாயிலில் நிறுத்தி வைத்தல் ஆதாயமற்றதாயிற்று. காத்திருப்புக்கு விலை வைத்தவுடன் காத்திருப்பு குறைந்தது என்பதை ஈண்டுக் கருதுக.

அயல்நாட்டு வழக்குகளிலும் சட்டங்களிலும் இன்று நடைபெறும் போராட்டம் பெரும்பாலும் இதனைப் பற்றியதே. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் ஊபர் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஓட்டுநர் சுயதொழில் செய்வோரல்லர், தொழிலாளரே என்றும், தமக்கு உரிமம் உள்ள எல்லைக்குள் செயலியைத் திறந்து வைத்து அழைப்பை ஏற்க ஆயத்தமாக இருந்த நேரமெல்லாம் வேலை நேரமே என்றும் கீழ்மன்றம் கண்டதை அது நிலைநிறுத்தியது. நிறுவனம் மறுமாதமே பணிந்தது. ஆனால் முற்றும் பணியவில்லை. அழைப்பை ஏற்றது முதலே குறைந்தபட்சக் கூலி தருவதாக அறிவித்தது. காத்திருந்த நேரத்தை விட்டுவிட்டது. கலிபோர்னியாவில் 2020 நவம்பரில் பொதுவாக்கெடுப்பால் நிறைவேறிய 22-ஆம் முன்மொழிவு, குறைந்தபட்சக் கூலியின் நூற்றிருபது விழுக்காட்டை உறுதி செய்கின்றது. ‘ஈடுபட்ட நேரத்துக்கு’ என்னும் ஒரு சொற்றொடரை உடன் சேர்த்து. மேலே நாம் செய்த கணக்கை நினைவில் வைத்திருப்போர் அச்சொற்றொடரின் பொருளை நன்கு உணர்வர். நியூயார்க் நகரம் 2023 டிசம்பர் முதல் உணவு கொணர்வோர்க்கு மணிக்கு 17.96 டாலர் எனக் கூலி வரையறுத்து, அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தையும் அக்கணக்கிற் கொணர்ந்தது.

இதன்பின் அங்கே நேர்ந்ததையும் மறையாது கூறல் வேண்டும். சில நிறுவனங்கள், நினைத்த நேரத்தில் நினைத்தவர் செயலியில் நுழைவதை வரையறுத்தன. கல்லூரி நேரம் போக எஞ்சிய ஈரிரு மணிகளில் ஓடிச் சம்பாதிக்க விரும்பும் மாணவனுக்கு இஃது இடையூறாகும். விரும்பியபோது வேலை என்பதே இத்தொழிலின்கண் அவன் காணும் பெருநன்மை. ஆதலின் காத்திருப்புக்கு விலை வைத்தலால் எவர்க்கும் இழப்பில்லை என்று யாம் சொல்லவில்லை. அந்த இழப்பு இப்போதும் உள்ளது. எல்லோர்மேலும் சிறிது சிறிதாகப் பரவியிருத்தலால் கண்ணுக்குப் படவில்லை என்பதே எம் கருத்து.

நம் நாட்டுச் சட்டங்கள் வேறு வழியிற் செல்கின்றன. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், கிக் தொழிலாளி, தளத் தொழிலாளி என்னும் பெயர்களை முதன்முதல் மத்தியச் சட்டத்திற் பதிவு செய்தது. நிறுவனங்கள் தம் ஆண்டு வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை, தொழிலாளர்க்குக் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாமல், நல நிதிக்கு அளித்தல் வேண்டும் என அது விதித்தது. இராசத்தான் 2023-இலும் கர்நாடகம் 2025-இலும் தனிச் சட்டங்கள் இயற்றின. கர்நாடகச் சட்டம், முன்னறிவிப்பின்றி ஒருவனைச் செயலியிலிருந்து நீக்குதலைத் தடுத்து 14 நாள் அறிவிப்பு வேண்டும் என்றதும், தானியங்கி முறையால் எடுக்கும் முடிவுகளைத் தொழிலாளிக்கு விளக்குமாறு கேட்டதும் சிறப்பாகக் கருதத் தக்கவை. தமிழ்நாட்டில், 2023 ஆகஸ்டு 15-ஆம் நாள் முதலமைச்சர் அறிவித்தபடி, அவ்வாண்டு டிசம்பரில் 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்க்கென ஒரு நல வாரியம் அமைந்தது. பதிவு செய்தோர்க்கு விபத்து உதவியும், பிள்ளைகளின் கல்விக்கு உதவியும் அதன்வழிக் கிடைக்கும். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், 2,000 பேர்க்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகர் முதலிய இடங்களில் இவர்க்கெனக் குளிரூட்டிய ஓய்வறைகளைத் திறந்தது.

இவையெல்லாம் வரவேற்கத் தக்கனவே. ஓய்வறையைச் சிறப்பாக வரவேற்கின்றோம். சித்திரை வெயிலில் வேப்பமர நிழல் தேடி நிற்பவனுக்கு அஃது எத்துணைப் பெரிது என்பதை மரம் இல்லாத தெருவில் நின்றவர் அறிவர். ஆயினும் ஓய்வறையும் நல நிதியும், காத்திருத்தலைத் தாங்கத் தக்கதாக ஆக்குகின்றனவேயன்றி, அதனை வேலையாக எண்ணவில்லை. நோயுற்றால் உதவி, இறந்தால் உதவி, மகள் படித்தால் உதவி என்று சட்டம் கை நீட்டுகின்றது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அவன் யாருடைய ஆள் என்னும் வினாவுக்கு விடை கூறாது நிற்கின்றது.

இனி ஆராய்ச்சி செய்வோர்க்குள்ள இடர் ஒன்று. நெசவாலையிற் கூலியை ஆராய்பவன் வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பெறலாம். தோட்டத்திற் காப்பிப் பழம் பறிப்போரின் ஊதியத்தை ஆராய்பவன், தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ மாலை எடைபோடும் இடத்திற் சென்று நின்றால், தராசின் முள்ளைத் தொழிலாளியோடு சேர்ந்து தானும் காணலாம். தளத்தில் தராசு நிறுவனத்தின் அறைக்குள் இருக்கின்றது. யாருக்கு எப்போது எந்த ஆர்டர், எதனால் என்பது அவர்க்கே வெளிச்சம். ஆதலின் ஆராய்ச்சியாளர் தொழிலாளியிடமே சென்று நாட்குறிப்பு எழுதி வாங்க வேண்டியவராகின்றனர். ஆக்ஸ்போர்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபேர்வொர்க் என்னும் ஆராய்ச்சிக் குழு, பெங்களூர் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து 2019 முதல் இந்தியத் தளங்களுக்கு மதிப்பெண் இட்டு வருகின்றது. ஊதியம், பணிச்சூழல், ஒப்பந்தம், மேலாண்மை, பிரதிநிதித்துவம் என்னும் ஐந்தும் அதன் அளவுகோல்கள். வாடிக்கையாளர் தொழிலாளிக்கு நட்சத்திரம் இடும் உலகில், நிறுவனத்துக்கும் ஒருவர் மதிப்பெண் இடுதல் பொருத்தமே.

நாட்குறிப்பைப் பற்றிக் கூறியதால், ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி அமைகின்றேன். மலையூர் ஒன்றிலிருந்து வந்து நம்மிடையே பயிலும் மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு விடுமுறையில் மதுரையில் உணவு கொண்டு செல்லும் வேலை பார்த்தார். நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. இரவு 11 மணிக்குள் குறித்த எண்ணிக்கையை முடித்தால் ஊக்கத்தொகை உண்டு என்பது ஏற்பாடு. ஒரு நாள் ஒன்றே ஒன்று குறைய, 10½ மணி ஆயிற்று. “ஐயா, அந்த அரை மணி நேரமும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. மணி பதினொன்று அடித்துச் சிறிது நேரத்தில் வந்தது. வேண்டுமென்றே செய்தார்களா, தற்செயலா என்று நான் யாரைக் கேட்பேன்?” என்றார். “தம்பி, எனக்கும் தெரியாது” என்பதைத் தவிர வேறு விடை அன்று என்னிடம் இல்லை.

தற்செயலாகவே இருக்கலாம். இரவு ஏற ஏற ஆர்டர் குறைதல் இயல்பு. ஒருநாள் நிகழ்ச்சியைக் கொண்டு வஞ்சம் என்று துணிதல் ஆராய்ச்சி நெறியன்று. தொண்ணூறு நாட் குறிப்பு இருந்தால் ஏதேனும் சொல்லலாம். எண்ணிக்கை நிறையும் தறுவாயில் காத்திருப்பு நீள்கின்றதா, மற்றைய நேரத்தைப் போன்றதேதானா என்பதை நாற்பது ஐம்பது பேருடைய குறிப்புகளை ஒப்பிட்டு அறியலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு நோட்டுப் புத்தகமும் கைக்கடிகாரமும் போதும். செயலியைத் திறந்த நேரம், அழைப்பு வந்த நேரம், கொண்டு சேர்த்த நேரம், பெற்ற தொகை, நின்ற இடம் எனப் பத்தி பிரித்துக் கோடிடல் வேண்டும். அன்று எத்தனை லிட்டர் பெட்ரோல், மழை பெய்ததா, விழா நாளா என்பனவற்றை அடியில் எழுதல் வேண்டும். அழைப்பை மறுத்திருந்தால் அதனையும் மறையாது எழுதல் வேண்டும். தமக்கு ஆகாததை விட்டு எழுதிய குறிப்பு வழக்குக்கு உதவலாம், ஆராய்ச்சிக்கு உதவாது. இவ்வேலை செய்யும் மாணவர், விருப்பமுண்டாயின், அத்தகைய குறிப்புகளைப் பொருளியற் பகுதியிற் கொணர்ந்து தரலாம். பெயர் எழுத வேண்டுவதில்லை.

அம்மாணவர் இவ்விடுமுறைக்கும் மதுரைக்குச் சென்றுள்ளார். புறப்படுமுன் வந்து, கோடிட்ட நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ‘காத்திருந்த நேரம்’ என்னும் பத்தியைத் தொகை எழுதும் பத்தியைவிட அகலமாக விட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, அதில்தான் எழுதுவதற்கு நிறைய இருக்கும் என்றார்.